பழைய ஷிஃப்ட் இறங்கின மாசம்

“…அதுக்கு அந்தப் பொம்பளை தேத்தண்ணி குடுத்துக் கெடுத்திருந்தாலே தேவலைங்க்கா,” என்றாள் ஜெயந்தி.

டாக்டரம்மா பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். ஜெயந்தியின் புருஷன் சிவலிங்கம் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது மாதக் குழந்தை மித்ரா அம்மா மடியில் உட்கார்ந்து, ஸ்வெட்டர் பட்டனை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூரிலிருந்து வந்த ரிப்போர்ட்டைக் கொடுப்பதற்காக உள்ளே போயிருந்த நான், வெளியே வருவதா நிற்பதா என்று தெரியாமல் கதவோரமே நின்றேன்.

லேபுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்த வார்த்தைதான். சொன்னவுடன் ஜெயந்தி என்ன செய்தாள் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. அதைப் புரியும்படி சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1. வெந்நீர்ப் பாட்டில்

நான் படித்து இந்த வேலைக்கு வந்தவள் இல்லை. குன்னூரில் அப்பாவின் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி நடுவட்டம் பக்கம் வந்தேன். கூடலூர் போகிற ரோட்டோரம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. சுற்றிலும் இருக்கிற தேயிலை எஸ்டேட்டுகளுக்கெல்லாம் அதுதான். லேபில் பாட்டில் கழுவ ஆள் கேட்டார்கள், போனேன். கழுவுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் டெக்னீஷியன் பக்கத்தில் நின்று பார்ப்பேன். ஸ்லைடு இழுப்பது, அதற்குச் சாயமான ஸ்டெயின் போடுவது, மைக்ராஸ்கோப்பில் எண்ணுவது என்று ஒவ்வொன்றாக வந்தது. பிறகுதான் ஆஸ்பத்திரியே அனுப்பி ஒரு சர்ட்டிஃபிகேட்டும் வாங்க வைத்தார்கள். ரிட்டயர் ஆகும்வரை எல்லோருக்கும் நான் ‘லேப் அக்கா’தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் மருந்துக் கம்பெனி ஆட்கள் மட்டும்.

எங்கள் ஊர் லேபில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது ஊசி இல்லை, வெந்நீர்ப் பாட்டில். குளிரிலும் மழையிலும் நடந்து வருகிறவர்களுக்கு விரல் விறைத்துப் போயிருக்கும். குத்தினால் ரத்தம் வராது. பழைய குளுக்கோஸ் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு உட்காருங்கள் என்று கொடுப்போம். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஆட்கள் பேசுவார்கள். எனக்கு அந்தப் பேச்சுதான் சம்பளத்துக்கு மேல் கிடைத்தது.

கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணுக்கு டெஸ்டுக்காக மூன்று சின்னப் பாட்டிலில் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. “ரெண்டு எலை, ஒரு மொட்டுன்னு கணக்கா எடுக்கறீங்களாக்கா?” என்று கேட்டாள். ஊசியைப் பார்த்ததும் சாய்ந்துவிட்ட லாரி டிரைவர் ஒருவர் எழுந்து, தான் மயங்கவில்லை, கண்ணை மூடிச் சாமி கும்பிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு படுகர் பெரியவர் ஒவ்வொரு தடவையும், “ஏனுங்க, மிச்சம் இருந்தாத் திருப்பி ஊத்திருங்க” என்பார். இப்படி நிறைய. வேலை பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். ஆள் என்ன சொல்கிறார் என்பதும் சாம்பிளில் சேர்ந்ததுதான் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

மித்ரா எங்கள் ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள். மூன்றாம் நாள் லேசாக மஞ்சள் தெரிந்ததால் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தேன். பிறந்த குழந்தையின் ரத்தம் பார்த்தவர்களுக்குத் தெரியும், கருஞ்சிவப்பாக, கெட்டியாக இருக்கும். மித்ராவுக்கும் அப்படித்தான் இருந்தது. ஹெச்பி, அதாவது ஹீமோகுளோபின், நன்றாக இருந்தது. மஞ்சளும் தானாக இறங்கிவிட்டது. ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவந்திருந்த ஒரு அம்மா குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு, “நெருப்புத்துண்டு மாதிரி கெடக்கு. தொட்டாச் சுடும்போல” என்றார்.

அந்த அம்மா ராசம்மா. எஸ்டேட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா.

2. புள்ளக்காம்பரா

கொழுந்துக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்தை ஆபீஸில் கிரெஷ் என்பார்கள். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் இன்னமும் ‘புள்ளக்காம்பரா’ என்றுதான் சொல்கின்றன. ராசம்மா சிலோனில் பிறந்து, சின்ன வயதில் தாய் தகப்பனோடு கப்பலில் வந்தவர். ஐம்பத்தைந்தை நெருங்கியிருந்தார். இருபது வருஷத்துக்கு மேலாக அந்தப் புள்ளக்காம்பராவில் ஆயா. ஜெயந்தியே அவர் கையில் வளர்ந்தவள்தான். அவரைப் ‘பெரிம்மா’ என்றுதான் கூப்பிடுவாள்.

ராசம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலைக்கு லேட்டாக ஓடி வந்து பிள்ளையைத் திணித்துவிட்டுப் போகிற பெண்களை, “என்னத்தா, மூட்டையை எறக்கிட்டு ஓடற? ரசீது வேணாமா?” என்பார். ஆனால் கை சுத்தம். தொட்டில் துணியை வெந்நீரில் அலசித்தான் போடுவார். அது எனக்கே தெரியும். மருந்து கொடுக்கிற நாட்களில் சிஸ்டரோடு நானும் போயிருக்கிறேன்.

ஜெயந்திக்கு ஆறு மாதம் பிரசவ லீவு. லீவு முடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்துக்குப் போனாள், மித்ரா தொட்டிலுக்குப் போனாள். பத்து மணிக்கு ஒரு தடவை ஓடி வந்து பால் கொடுத்துவிட்டுப் போவாள். எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது.

இரண்டு மாதம் ஆகியிருக்கும். லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், அடுத்த வீட்டுக்காரி ஒருத்தி, “என்னடி, உன் புள்ள மாவுல பெசஞ்ச மாதிரி இருக்கு?” என்று கேட்ட பிறகுதான் ஜெயந்தியே கவனித்தாள். உள்ளங்கையில் சிவப்பு இல்லை. ஈறு வெளிறியிருந்தது. பால் குடிக்கும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். லேபுக்குக் கொண்டுவந்தார்கள். குத்தினேன். வந்த சொட்டு தண்ணியாக, வெளிர் ரோஸ் நிறத்தில் விரலோடு வழிந்தது. ஹெச்பி ஏழு. அந்த வயதில் பதினொன்றாவது இருக்க வேண்டும்.

அந்த வயதில் வெளுத்து வருகிற பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரும்புச்சத்துதான் குறைவாக இருக்கும். ஸ்லைடிலும் சின்னச் சின்னதாக, நடுவில் வெளுத்த செல்கள்தான் தெரிந்தன. டாக்டரம்மா அயர்ன் டிராப்ஸ் எழுதிக்கொடுத்து ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் எங்கள் ஸ்டெல்லா சிஸ்டர் லயத்துக்குப் போய் ஒரு ஹெல்த் கிளாஸ் எடுத்திருந்தார். சின்னப் பிள்ளைகளுக்கு டீ கொடுக்காதீர்கள், சாப்பாட்டில் இருக்கிற இரும்பை அது சேரவிடாது, ரத்தம் ஊறாது என்று படம் காட்டிச் சொன்னார். “சிஸ்டர், எல்லாரும் டீயை விட்டுட்டா நாங்க நாளைக்கு எதைப் பறிக்கறது?” என்று ஒருத்தி கேட்டு எல்லோரும் சிரித்தார்களாம். சிஸ்டர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அந்தக் கிளாஸில் கேட்டது லயத்து ஜனங்கள் மனதில் அப்படியே இருந்தது. இப்போது ஒரு பிள்ளை வெளுத்திருக்கிறது. ஆறு மாதம் அம்மாவிடம் இருந்தவரை நெருப்புத்துண்டு. ஆயாவிடம் போன இரண்டு மாதத்தில் மாவு. இரும்பு குறைச்சல் என்று டாக்டரே எழுதிக்கொடுத்துவிட்டார். இரும்பைக் கெடுப்பது டீ. புள்ளக்காம்பராவில் எப்போது போனாலும் அடுப்பில் தேத்தண்ணிக் கெட்டில் இருக்கும். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒருத்தர் சொல்லி ஒருத்தர் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது.

ஒருநாள் காலையில் ஜெயந்தி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு புள்ளக்காம்பரா வாசலில் போய் நின்றிருக்கிறாள். உள்ளே போகவில்லை. அங்கிருந்தபடியே கேட்டிருக்கிறாள். ராசம்மா பிறகு என்னிடம் சொன்னது இது: பெரிய பிள்ளைகள் அழுதால் பன்னைத் தேத்தண்ணியில் தொட்டுக் கொடுத்தது உண்டு, அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் மித்ராவுக்கு ஒரு சொட்டு கொடுத்ததில்லை. பல்லே வராத பிள்ளைக்குப் பன் எதற்கு? இதை அங்கேயே சொன்னாராம். பெரிய பிள்ளைக்குக் கொடுத்தேன் என்றதை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். சின்னதுக்கு இல்லை என்றது யார் காதிலும் விழவில்லை.

“நான் வளர்த்த கழுதை அது. என்னைய நிமிந்து பாத்துப் பேசலை தங்கச்சி, என் காலைப் பாத்துப் பேசுச்சு” என்றார்.

விஷயம் ஆபீஸ் வரைக்கும் போயிற்று. பெரிய விசாரணை எல்லாம் இல்லை. பேச்சு அடங்கட்டும், நீ கொஞ்ச நாள் களை வெட்டப் போ என்று ஆபீஸில் கணக்குப் பார்க்கிற ரைட்டர் சொல்லிவிட்டார். ஆயா வேலைக்கு வேறொருத்தியைப் போட்டார்கள். ராசம்மா தேயிலை மலைக்குக் களை வெட்டப் போனார்.

ஜெயந்தி வேலைக்குப் போவதையே நிறுத்திக்கொண்டாள். அன்றிலிருந்து பிள்ளையை யார் கையிலும் கொடுக்கவில்லை. மாமியார் கையில்கூட இல்லை. குளிக்கப் போனால் கதவோரம் துணி விரித்துப் பிள்ளையைக் கிடத்துவாள். கக்கூஸுக்குப் போனாலும் இடுப்பில் பிள்ளைதான். லேபுக்கு வந்தால், ‘பாப்பாவை அப்பா பிடிச்சுக்கட்டும், நீ அவ கைய மட்டும் பிடி’ என்று நான் சொன்னாலும் கேட்க மாட்டாள். சிவலிங்கம் சிரித்துக்கொண்டு, “எனக்கே பாஸ் இல்லீங்க்கா” என்பான்.

3. ஊதா மூடி

ஒரு மாதம் டிராப்ஸ் ஒழுங்காகப் போயிற்று. ஜெயந்தி ஒரு வேளை தவறவிடவில்லை. பிள்ளை யாரிடமும் போகவில்லை, யாரும் எதுவும் கொடுக்கவில்லை. திரும்பக் குத்திப் பார்த்தேன். ஹெச்பி ஐந்து.

மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்து மறுபடியும் போட்டேன். அதே ஐந்து. இரும்பு கொடுத்தால் ஏற வேண்டியது இறங்கியிருக்கிறது. ஸ்லைடில் ஸ்மியர் இழுத்து, நிதானமாக ஸ்டெயின் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். இந்தத் தடவை வயதுக்கு வராத செல்களும் வெளியே சுற்றிக்கொண்டிருந்தன. எலும்புக்குள்ளேயே இருந்து முதிர்ந்த பிறகு வர வேண்டியவை, நடுவில் உட்கருவோடு அப்படியே ரத்தத்துக்குள் வந்துவிட்டிருந்தன. ஆள் பற்றாக்குறையில் எஸ்டேட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கூடை கொடுத்து அனுப்பின காலம் ஒன்று இருந்ததாம். அது மாதிரி இருந்தது பார்க்க. டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு போய்ப் பிள்ளையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இடது பக்கம் மண்ணீரல் வீங்கியிருந்தது.

உடனே ரத்தம் ஏற்ற வேண்டும், ஊட்டியிலிருந்து ஒரு யூனிட் வரவழையுங்கள் என்றார். அதோடு என்னைப் பார்த்து, “ஏத்தறதுக்கு முன்னாடி ஊதா மூடிப் பாட்டில்ல ஒண்ணு எடுத்துருங்க. ஏத்திட்டா அது யாரு ரத்தம்னு சொல்ல முடியாது” என்றார்.

தங்கச்சிகளே, இதை மட்டும் எப்போதும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் எல்லோரும் ரத்தப் பையைத் தொங்கவிடத்தான் ஓடுவார்கள். வெளியாள் ரத்தம் உள்ளே போய்விட்டால், பிள்ளையின் சொந்த ரத்தம் என்ன சொல்லியிருக்கும் என்பதைச் சில மாதங்களுக்குத் தெரிந்துகொள்ள முடியாது. முதலில் சாம்பிள்.

மித்ராவின் கையில் நரம்பு கிடைக்கவில்லை. ஜெயந்தியின் பிடியிலிருந்து பிள்ளையை எடுக்கவும் முடியவில்லை. மடியில் வைத்தபடியே புறங்காலில் எடுத்தேன். பிள்ளை அழவே இல்லை. அழுவதற்கும் கொஞ்சம் ரத்தம் வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஜெயந்திக்கும் சிவலிங்கத்துக்கும் ஒவ்வொரு பாட்டில் எடுத்தோம். “எங்களுக்கு எதுக்குங்க்கா?” என்று ஜெயந்தி கேட்டாள். டாக்டரம்மா கேட்டிருக்கிறார் என்றேன்.

மூன்று ஊதா மூடிகளையும் ஐஸ் பெட்டியில் வைத்து, தெரிந்த டிரைவர் ஒருவர் மூலம் கோயம்புத்தூர் லேபுக்கு அனுப்பினேன். ரிப்போர்ட்டுக்கு ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

ஏற்றின ரத்தத்தில் மித்ராவுக்கு உதட்டில் நிறம் வந்தது. அந்த ராத்திரியே எழுந்து உட்கார்ந்து டம்ளரைத் தட்டிவிட்டாளாம். ஜெயந்திக்கு உயிர் வந்துவிட்டது. “தேத்தண்ணி விஷம் எறங்கிருச்சுங்க்கா” என்றாள்.

4. பன்னிரண்டரை

அடுத்தும் ரத்தம் வேண்டியிருக்கும், கொடுக்க முடிந்தவர்கள் வாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து எஸ்டேட்டுக்குச் சொல்லி அனுப்பினோம். ரத்தம் எடுப்பது ஊட்டியில்தான். ஆனால் அவ்வளவு தூரம் போய் ஹெச்பி இல்லை என்று திருப்பி அனுப்பினால் பாவம் என்று, நாங்களே முதலில் விரலில் குத்திப் பார்த்து அனுப்புவோம். பன்னிரண்டரை இருந்தால்தான் மேலே போகலாம்.

ரிப்போர்ட் வருகிற அன்று காலையில் ஃபேக்டரி ஜீப்பில் இரண்டு பையன்கள் வந்தார்கள். மூன்றாவதாக ராசம்மா இறங்கினார்.

கையில் வெந்நீர்ப் பாட்டிலைக் கொடுத்தேன். களை வெட்டி வெட்டி விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தது. இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது. யாருக்காக என்று தெரியுமா என்று கேட்டேன். “தெரியாமயா ஜீப்புல ஏறினேன்?” என்றார். ஜெயந்திக்குத் தெரிய வேண்டாம், பை யார் பெயரில் போனால் என்ன என்றும் சொன்னார்.

மெஷின் பத்து புள்ளி இரண்டு காட்டியது.

“அக்கா, உங்களுக்கே கொறைவா இருக்குங்க. எடுக்க மாட்டாங்க.”

அவர் விரலில் பஞ்சை அமுக்கிக்கொண்டு மெஷினையே பார்த்தார். “லயத்துல சொன்னது பத்தாதுன்னு இதுவும் வேணாங்குதா?”

“வேணாம்னு இல்லீங்க. உங்களுக்கே பத்தலை.”

“தேத்தண்ணியாக் குடிச்சுக் குடிச்சு எனக்கும் சுண்டிருச்சுபோல,” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். “பாரு தங்கச்சி, என்னைய யாருகிட்டயும் குடுக்கலை. நானேதான் வளத்தேன், நானே கெடுத்துட்டேன்.”

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஸ்லைடு பெட்டியைத் துடைத்தேன்.

மத்தியான பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. வராண்டாவில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார், விரலில் பஞ்சோடு. இரும்பு மாத்திரை எழுதி வாங்கித் தருகிறேன், இருங்கள் என்று சொல்லியிருந்தேன். அந்த நேரத்தில்தான் கோயம்புத்தூர் ரிப்போர்ட் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஜெயந்தியும் சிவலிங்கமும் பின்பக்க வாசல் வழியாக உள்ளே போனார்கள். வராண்டாவில் யார் இருக்கிறார்கள் என்று அவர்கள் பார்க்கவில்லை.

5. இரண்டு கோடு

லேப் வேலையில் கற்றது என்ன என்று என்னைக் கேட்டால் இதுதான் சொல்வேன். ஒரு காரியம் எப்போது நடந்தது என்பது ஒன்று, எதனால் நடந்தது என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே நாளில் வந்து நின்றால் ஒன்றாகத்தான் தெரியும். அப்படித் தெரிந்ததற்காக லயத்து ஜனங்களை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் தெரிந்தது. மித்ரா இப்போது பால்வாடிக்குப் போகிறாள். மாதம் ஒரு தடவை ஊட்டிக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருகிறாள். ஏற்றின ரத்தத்தில் சேருகிற இரும்பு உடம்பில் தங்காமல் இருக்க ஒரு மருந்து. இரும்பு வேண்டும் என்று சொட்டுச் சொட்டாகக் கொடுத்த அதே வாயில், இப்போது இரும்பை வெளியேற்ற மருந்து கொடுக்கிறாள் ஜெயந்தி. ராசம்மாவுக்கு ஆயா வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் ஆள் போட்டாயிற்று என்றார்கள். களை வெட்டியே பென்ஷன் ஆனார்.

அந்த அறைக்கு வருகிறேன்.

டாக்டரம்மா ஒரு வெள்ளைத்தாளை எடுத்து இரண்டு கோடு போட்டார். ஒன்று மேலேயிருந்து கீழே இறங்கியது. இன்னொன்று கீழேயிருந்து மேலே ஏறியது.

“வயித்துக்குள்ள இருக்கறப்ப புள்ளைக்கு வேற ஒரு வகை ஹெச்பி இருக்கும். அம்மாகிட்டருந்து காத்தை இழுத்துக்கறதுக்கு அதுதான் வசதி. பொறந்த பின்னாடி அது வேணாம். அதனால மெல்ல மெல்ல எறங்கும்,” என்று இறங்குகிற கோட்டின்மேல் பேனாவை ஓட்டினார். “நமக்கெல்லாம் இருக்கற ஹெச்பி அந்த எடத்துக்கு ஏறி வரும். ஆறு மாசம், எட்டு மாசம் ஆகறப்ப அநேகமா முழுசா மாறியிருக்கும். எல்லாப் புள்ளைக்கும் இப்படித்தான்.” பிறகு ஏறுகிற கோட்டைக் குறுக்கே அடித்தார். “பாப்பாவுக்கு இது வரலை.”

சிவலிங்கம் ஃபேக்டரியில் டிரையர் பக்கம் வேலை பார்க்கிறவன். தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தான்.

“பழைய ஷிஃப்ட் எறங்கிருச்சு, புது ஷிஃப்ட் வரலை. அப்படிங்களா?”

“அப்படித்தாங்க.”

“அப்ப மெஷினை யாரு பாக்கறது?”

“பழைய ஆளுங்கள்ல கொஞ்சப் பேரு ஊட்டுக்குப் போகாம நிக்கறாங்க. ரிப்போர்ட்ல இருக்கறது பூரா அவங்கதான். ஆனா அவங்களை மட்டும் வெச்சு ஓட்ட முடியாது. வெளியாள் விட்டுக்கிட்டே இருக்கணும். மாசாமாசம்.”

“எத்தனை மாசத்துக்குங்க?”

டாக்டரம்மா தலசீமியா என்று பெயரைச் சொன்னார். பெரிய ஊரில் எலும்பு மஜ்ஜை மாற்றுகிற வைத்தியம் ஒன்று இருக்கிறது, அதை விசாரிக்கலாம், அது அமையாவிட்டால் எப்பவும் என்றார். சிவலிங்கம் தாளை மடித்தான். மடித்ததைத் திரும்ப விரித்தான். பிறகுதான் சுவரில் இருந்த படத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.

ஜெயந்தி மட்டும் வேறு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“இது எங்கிருந்துங்க வந்துச்சு?”

அவர்கள் இருவருடைய ரிப்போர்ட்டையும் டாக்டரம்மா எடுத்து வைத்தார். இரண்டு பேரிடமும் பாதி இருக்கிறது, பாதி இருக்கிறவர்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது, உங்கள் இரண்டு பேர் பாதியும் பாப்பாவிடம் சேர்ந்துவிட்டது என்றார். சொந்தத்தில் கட்டினவர்களா என்று மெதுவாகக் கேட்டார். ஜெயந்தி சிவலிங்கத்துக்கு அத்தை மகள். தலையை மட்டும் ஆட்டினாள். யார் மேலும் தப்பு இல்லை என்று டாக்டரம்மா ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னார்.

“அப்ப ஆறு மாசம் என்கிட்ட நல்லா இருந்துதுங்களே?”

“வயித்துலருந்து கொண்டுவந்தது மிச்சம் இருந்துச்சுங்க. அது தீர்ந்த நேரமும் நீங்க வேலைக்குப் போன நேரமும் ஒண்ணா வந்துருச்சு.”

“நான் வேலைக்குப் போகாம, ஆயாகிட்ட விடாம, நானே வெச்சிருந்தா?”

“இதே மாசத்துலதான் வெளுத்திருக்கும்.”

ஜெயந்தி திரும்பிக் கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள். லேப் அக்கா ஏதாவது மாற்றிச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“என் ரத்தமும் இவரு ரத்தமும் சேர்ந்துதான் செஞ்சுதுன்னா நான் யாருகிட்டப் போயி சண்டை போடறது? அதுக்கு அந்தப் பொம்பளை தேத்தண்ணி குடுத்துக் கெடுத்திருந்தாலே தேவலைங்க்கா,” என்றாள்.

அதற்குப் பிறகு எழுந்தாள். பிள்ளையின் தலைக்குக் குல்லாயைப் போட்டாள். சிவலிங்கம் கையை நீட்டினான். கொடுக்கவில்லை. என்னைத் தாண்டி வராண்டாவுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

பெஞ்சில் இருந்த ராசம்மா அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். பையை எடுத்துத் தோளில் மாட்டி, வழிவிடுகிற மாதிரிச் சுவரோரம் ஒதுங்கினார். விரலில் இருந்த பஞ்சைப் பார்த்தாள் ஜெயந்தி. அது எதற்கு என்று கேட்கவில்லை.

“பெரிம்மா,” என்றாள். “இவளைச் சித்த வெச்சிருங்க. ஒண்ணுக்குப் போயிட்டு வந்தர்றேன்.”

ராசம்மா கையைச் சேலையில் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு நீட்டினார். ஜெயந்தி பிள்ளையை அந்தக் கையில் வைத்தாள். வராண்டாக் கடைசியில் இருந்த பாத்ரூமுக்குத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.